80ஜி உண்டுன்னு சொல்லி வசூல் பண்ற நம்ம கடலோர டிரஸ்ட்காரங்களுக்கு ஒரு மடல்

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் டிரஸ்ட், சபை, சங்கம்னு வச்சு நல்ல காரியம் பண்ற நிர்வாகிகள் எல்லாருக்கும் வணக்கம், சலாம், ஸ்தோத்திரம். வாத்தியார், நர்ஸம்மா, ஈபி ஆளுங்கன்னு சம்பளக்காரங்களுக்கு ராமநாதபுரத்துல ரிட்டர்ன் போட்டுக் குடுக்குறவன் நான், ஜூலை வந்தா நீங்க கிழிச்ச ரசீது எல்லாம் என் மேசைக்குத்தான் வருது, அதான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

80ஜிங்குறது, நன்கொடை குடுத்தவரு அதுல ஒரு பங்க தன் வருமானத்துல கழிச்சுக்க விடுற வருமான வரிச் சட்டப் பிரிவு. வசூலுக்குப் போற எடத்துல "குடுங்க சார், டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு ஒத்த வரியில முடிக்கிறீங்க பாருங்க, அத நிறுத்துங்க, இல்லன்னா முழுசா சொல்லுங்க. கேக்குற மனுசன் 10,000 குடுத்தா வரியில 10,000 கொறையும்னு நெனச்சுட்டு இருக்காரு. நம்ம பக்கத்து டிரஸ்டுக்கெல்லாம் கழிவு பாதிதான், அந்த 5,000மும் வருமானத்துல இருந்துதான் கழியும், வரியில இருந்து இல்ல. பழைய வரி முறையில 20 சதவீத ஸ்லாபுல இருக்குறவருக்கு அதுல மிச்சம் 1,000, செஸ்ஸோட 1,040 ரூவா, அம்புட்டுதான். மத்த கழிவெல்லாம் போக இருக்குற வருமானத்துல 10 சதவீதம்தான் உச்சம், அதுக்கு மேல குடுத்தது கணக்குலயே ஏறாது. முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதி மாதிரி சிலதுக்குத்தான் வரம்பே இல்லாம 100 சதவீதம்.

இதெல்லாம் பழைய முறையில இருக்குறவங்களுக்கு. 2023-24ல இருந்து நாமளா மாத்தலன்னா புது முறைதான், அதுல 80ஜியே கிடையாது. 2025-26 கணக்குக்கு சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரியே வராதுங்குறதால முக்காவாசி பேரு அங்க போயிட்டாங்க, அவங்க உங்க ரசீத பத்திரமா மடிச்சு கவர்ல போட்டுக் கொண்டாந்து நீட்டுறப்ப இது எதுக்கும் ஆகாதுண்ணேன்னு சொல்ற பொழப்பு எனக்கு. திட்டு வாங்குறதும் நான்தான்!

அடுத்து உங்க ரசீது புக்கு. சில புக்குல இன்னும் பத்து வருசத்துக்கு முந்துன 80ஜி நம்பர் அடிச்சிருக்கு. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லாரும் திரும்பப் பதியணும்னு ஆச்சு, அதுவும் அஞ்சு வருசத்துக்குத்தான், அப்பப் பதிஞ்சவங்கள்ல பல பேருக்கு 2026 மார்ச்சோட முடியுது. ஆயுசுக்கும் செல்லும்னு யாரோ சொன்னத நம்பிட்டு இருக்காதீங்க. அதோட ரசீது மட்டும் பத்தாது, குடுத்தவரோட பான் நம்பரோட 10பிடிங்குற நன்கொடை விவரப் பாரத்த வருமான வரித்துறைக்கு மே 31க்குள்ள நீங்க ஏத்துனாத்தான் அவருக்கு 10பிஇ சான்றிதழ் வரும், அது இல்லன்னா அவரு கிளெய்ம் நிக்காது. லேட்டானா நாளுக்கு 200 ரூவா உங்க டிரஸ்டு கட்டணும், போடாமலே விட்டா அபராதம் 10,000ல ஆரம்பிச்சு ஒரு லட்சம் வரைக்கும் போகும். ஆடிட்டர் பாத்துக்குவாருன்னு விட்ட ஒரு டிரஸ்டால போன வருசம் ஒரு ஹெட்மாஸ்டர் தூக்கம் கெட்டு அலஞ்சாரு, பேரு வேண்டாம்.

ரொக்கம் 2,000க்கு மேல வாங்குறப்ப வாயத் தொறந்து சொல்லிருங்க. 5,000 ரொக்கமா குடுத்தா 2,000 வரைக்குமாவது கிடைக்கும்னு நெனைக்கிறாங்க, கிடையாது, மொத்தமும் போச்சு. ஜிபே இருக்குல்ல, அத வாங்குங்க. அன்னதானத்துக்கு அரிசி மூட்ட, கந்தூரிக்கு ஆடுன்னு பொருளா வந்ததுக்கு ரசீதுல ரூவா போட்டுத் தராதீங்க, அதுக்குக் கழிவு கிடையாது. ஊர்க் கோயில் கொடை, சர்ச் திருவிழா வரியும் அப்படித்தான். கீழக்கரையில சொந்தக்காரங்களுக்கு நேராக் குடுக்குற ஜக்காத்தும் இதுல வராது, 80ஜி உள்ள டிரஸ்டு வழியா குடுத்தாத்தான் கேக்கலாம்.

இலங்கை நேவி நம்ம மீனவப் புள்ளைங்கள புடிச்சுட்டுப் போன அன்னைக்கு பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் வீடு வீடா வசூல் பண்றாங்க, அதுக்கு எவனும் ரசீது கேக்குறதில்ல. குடுக்குறவன் குடுப்பான், நீங்க வரியக் காட்டி இழுக்கவே வேண்டாம்.

இன்னொன்னு, சொல்லாம விடக்கூடாது. "50,000க்கு ரசீது குடுங்க, 5 சதவீதம் எடுத்துக்கிட்டு மீதிய திருப்பிக் குடுத்துருங்க"னு ஏஜென்ட் எவனாவது உங்க கிட்ட வந்தா வாசல்லயே அனுப்பிருங்க. 2025 ஜூலையில வருமான வரித்துறை நாடு முழுக்க பொய்க் கழிவு கேக்குறவங்களையும் அத போட்டுக் குடுக்குற இடைத்தரகர்களையும் தேடி எறங்குனாங்க. மாட்டுனா குடுத்தவரு வரி, வட்டி, அபராதம்னு கட்டணும், உங்க பதிவும் போயிரும், நல்லா நடக்குற டியூஷன் சென்டரும் மருந்து உதவியும் அதோட நின்னு போகும்.

2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம், நான் சொன்னது 2025-26 கணக்கு வரைக்கும். அதனால இந்த மே மாசம் மீன்புடி தடைக் காலத்துல படகெல்லாம் கரையில கெடக்குறப்ப, ஒரு நாள் உக்காந்து பான் நம்பர் இல்லாத ரசீது எது எதுன்னு எடுத்து வைங்க, குடுத்தவங்களுக்கு ஒரு போன் போட்டு கேட்டு வாங்கிருங்க. நம்பர் கெடைக்காதவங்க லிஸ்ட எனக்கு அனுப்புனா என்கிட்ட ரிட்டர்ன் போடுறவங்கள நானே கூப்புட்டுச் சொல்லிர்றேன்.