திருமங்கலத்துக் கிழக்கு வானத்தில் நின்ற வெளிச்சம்

மதுரை,
மார்கழி 9

அன்புள்ள செல்வராஜுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி ஒரே வரி, கிழக்கே நின்ற வெளிச்சத்துக்கு இரண்டு பக்கம். சரி, நானும் வெளிச்சத்துக்கே வருகிறேன்.

"பத்து மாடி உயரம், ஒரு கார் அளவு" என்று எழுதியிருக்கிறாயே, அதை முதலில் அடித்துவிடு. இருட்டில் தனியாக நிற்கும் ஒளிக்குத் தூரம் தெரியாமல் அளவு தெரியாது, அளவு தெரியாமல் தூரமும் தெரியாது. கண் ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நாம் உண்மையில் அளக்கக்கூடியவை மூன்று: திசை, அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி, மணி. டிகிரிக்குக் கருவி வேண்டாம். கையை முழுக்க நீட்டினால் சுண்டுவிரல் அகலம் சுமார் 1 டிகிரி, மூடிய முஷ்டி 10, விரித்த சாண் 20. முழு நிலா அரை டிகிரிதான். நம்பாவிட்டால் பௌர்ணமியன்று சுண்டுவிரலால் மறைத்துப் பார்.

மணியைத்தான் நீ கோட்டைவிட்டாய். "ராத்திரி சாப்பிட்ட பிறகு" என்றால் உன் வீட்டில் ஏழரையாகவும் இருக்கும், பத்தரையாகவும் இருக்கும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. மூன்று மணி நேரத்தில் உன் வெளிச்சம் வேறு ஆளாகிவிடும். தென்னை உயரத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறித் துடித்தது என்கிறாய். அந்தக் குறி, இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு அப்படியே பொருந்துகிறது. மார்கழித் தொடக்கத்தில் நம் ஊரில் அது ஏழரை மணிவாக்கில் கிழக்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து, உதிக்கும். அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி தடித்த காற்றைக் கடந்து வர வேண்டும். அந்தக் காற்றின் அலைச்சல் ஒவ்வொரு நிறத்தையும் வேறு வேறாக வளைப்பதால்தான் அந்த வாணவேடிக்கை. எட்டு மணிக்குப் பார்த்திருந்தால் சிரியஸ்தான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன். பத்தரை என்றால் இல்லை, அப்போது அது நான்கு முஷ்டி உயரத்துக்கு ஏறியிருக்கும்.

"லேசாக அங்கும் இங்கும் ஆடியது" என்பதையும் அப்படியே நம்பாதே. சுற்றிலும் இருட்டாக இருக்க ஒற்றைப் புள்ளியையே வெறித்துப் பார்த்தால், அசையாத ஒளியும் ஆடுவதாகத் தோன்றும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ துணி காயப்போடும் கம்பியிலோ தலையைச் சாய்த்து, ஒளியை அதன் விளிம்போடு ஒட்டி வைத்துப் பார். விளிம்பைத் தாண்டினால்தான் நகர்வு. பத்து நிமிடத்தில் இரண்டரை டிகிரி மட்டும் நகர்ந்தால் அது நட்சத்திரமோ கிரகமோதான். மறுநாள் அதே இடத்துக்கு 4 நிமிடம் முன்னதாக வந்து நின்றால் வழக்கு முடிந்தது.

இதில் ஏமாறுவது நாம் மட்டுமில்லை. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் நம் ராணுவம் 329 முறை அடையாளம் தெரியாத ஒளிகளைப் பதிவு செய்தது. சீன உளவு ட்ரோன் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டபோது, அந்த ஒளிகள் நட்சத்திரங்களோடு எப்படி நகர்கின்றன என்று பார்த்து, ஒன்று வியாழன், மற்றது வெள்ளி என்று சொன்னார்கள். 4,200 மீட்டருக்கு மேல், தூசியில்லாத காற்றில் அந்த இரண்டும் எப்படி எரியும் என்று யோசித்துப் பார். வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மணி தவறாமல் குறித்ததால்தானே விடை கிடைத்தது!

உன்னிடம் இருக்கும் 10x50 பைனாகுலரைச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழன் உடனே மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு பொட்டுகள் வரை தெரியும், அவை அதன் நிலாக்கள்.

விமானத்தையும் மறந்துவிடாதே. விமான நிலையம் உனக்கு நேர் கிழக்கே 12 கிலோமீட்டர். உன்னை நோக்கி இறங்கிவரும் விமானத்தின் முன்விளக்கு சில நிமிடம் அசையாமலே நிற்கும், பிறகு திரும்பியதும் பட்டென்று அணைந்ததுபோல் இருக்கும். விமானங்கள் போன தடத்தைக் காட்டும் ஃப்ளைட்ரேடார் தளத்தில் பழைய நேரத்தை ஓட்டிப் பார்க்கலாம். ராணுவ விமானங்கள் அதில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

சிமிட்டாமல், ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்து, நடுவழியிலேயே மங்கிப்போனால் விண்வெளி நிலையம், பூமியின் நிழலுக்குள் நுழைகிறது. வரிசையாக மணிமாலை போல் போனால் அண்மையில் ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். இரண்டுக்கும் அந்தி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரமோ விடியலுக்கு முந்திய நேரமோதான். நள்ளிரவில் உச்சியில் அப்படிக் கண்டால் எனக்கு உடனே போன் போடு.

ஏன் போன் என்றால், இதுதான் நான் எழுத வந்தது. உன் மாடிக்கும் என் மாடிக்கும் நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். ஒரே ஒளியை ஒரே நிமிடத்தில் இருவரும் அளந்தால் தூரம் கைக்கு வந்துவிடும். உனக்கு நேர் உச்சியில் இருப்பது 10 கிலோமீட்டர் உயரத்து விமானம் என்றால், எனக்கு அது 27 டிகிரியில்தான் தெரியும். 550 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் என்றால் என் உச்சியிலிருந்து 2 டிகிரி மட்டும் விலகும், இரண்டு சுண்டுவிரல். கிரகம் என்றால் வித்தியாசமே தெரியாது. யாரோ பறக்கவிட்ட காகித விளக்கு 500 மீட்டரில் போனால் எனக்கு ஒன்றரை டிகிரிகூட இருக்காது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். நான் காணாததும் ஒரு விடைதான்.

திசைக்குப் போன் திசைகாட்டியை நம்பாதே. கான்கிரீட் கம்பி, பைக் எல்லாம் முள்ளை இழுக்கும். நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒளி எந்த செல்போன் டவருக்கு எத்தனை விரல் வலப்பக்கம் என்று குறி. பகலில் வரைபடத்தில் டிகிரி எடுத்துக்கொள்ளலாம்.

நீ அனுப்பிய படத்தில் தெரியும் "பக்கம் பக்கமாகச் செதுக்கிய வைரம்" வெறும் குவியப் பிழை. ஒரு புள்ளியை ஜூம் செய்தால் போன் குவியம் தேடித் தடுமாறி, லென்ஸ் துவாரத்தின் வடிவத்தையே படமாகக் காட்டும். ஜூமே வேண்டாம். ஸ்டாண்டில் வைத்து, குவியத்தைக் கையால் முடிவிலிக்குத் தள்ளி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, திறப்பு நேரம் 10 விநாடி, கீழே ஒரு கூரையும் படத்துக்குள் வரட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் முதலிய தகவல்கள் போய்விடும், டாக்குமென்டாக அனுப்பு.

"விளக்கமே இல்லாதவை எத்தனை?" என்று கேட்டிருந்தாய். அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டம் 1969இல் மூடப்பட்டபோது 12,618 பதிவுகளில் 701 அடையாளம் காணப்படாமல் நின்றன. எனக்குப் பிடித்தது, இதே வேலையைச் செய்யும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனப் பிரிவான கெய்பானின் முறை. தகவல் போதாததை சி என்றும், தகவல் நன்றாக இருந்தும் புரியாததை டி என்றும் தனித்தனியாக வைக்கிறார்கள். 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தை மூட வைத்த அந்த அடையாளம் தெரியாத பறக்கும் பொருளை ரஃபேல் விமானங்கள் தேடியும் காணவில்லை. அதை நான் சி பெட்டியில்தான் போடுவேன். உன் வெளிச்சம் இப்போதைக்கு அதற்குப் பக்கத்து இடத்தில் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை ஏழு மணிக்கு மாடிக்கு வந்துவிடு, நானும் நிற்கிறேன். வெளிச்சம் வந்ததும் போனில் மணியை மட்டும் சொல், மீதியை அப்புறம் பேசலாம். பேத்தியின் பெயரை நீ எழுதவே இல்லை, அடுத்த கடிதத்திலாவது எழுது.

அன்புடன்,
கணேசன்