மொட்டைமாடித் திறப்பு யாரிடம்?

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பராமரிப்புக் காசைப் பற்றியோ லிஃப்டைப் பற்றியோ எழுதவில்லை, பயப்பட வேண்டாம். நான் கேட்பது ஒரு திறப்பு. மொட்டைமாடிக் கதவின் திறப்பு.

2025 செப்டெம்பர் 7, ஞாயிறு, போயா எனும் பௌர்ணமி நாள். அன்று முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57க்கு நிலா கடிபடத் தொடங்கி, 11 மணிக்கு முழுதாக மறைந்து, 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்றது. ஒன்பது மணிக்கே கமெராவும் முக்காலியுமாகக் கடைசிப் படியில் நின்றேன். கதவில் பூட்டு. காவலாளி ஐயா பாவம், தன்னிடம் திறப்பில்லை என்று கையை விரித்தார். உங்களில் ஒருவருக்குப் போன் எடுத்தேன். "இரவில ஒருத்தரையும் மேல விட ஏலாது தம்பி. அதுவும் கிரகண நேரம். பல்கனியில நிண்டு பாருமன்."

பல்கனியில் நின்றேன். நள்ளிரவை ஒட்டி நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே. எட்டிப் பார்த்தால் தெரிந்தது ஐந்தாம் மாடிப் பல்கனியின் அடிப்பக்கமும் அதில் காய்ந்த ஒரு சாரமும்தான்.

சரி என்று மரைன் டிரைவுக்கு இறங்கினேன். வீதி விளக்கு முகத்திலடித்தது. கடற்காற்றில் லென்ஸில் உப்புப் படலம். துடைக்க மறந்தால் நிலாவைச் சுற்றிப் புகை பிடித்தது போல ஒரு வளையம். சாதாரண முழுநிலாவை எடுக்க லென்ஸ் வழியே விநாடியில் 250இல் ஒரு பங்கு நேரம் ஒளியை விட்டால் போதும். முழுதாக மறைந்த நிலா அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கல். ஐஎஸ்ஓவை, அதாவது கமெராவின் ஒளியுணர்திறனை, 1600க்கு ஏற்றி ஒரு விநாடியாவது திறந்து வைக்க வேண்டும். நேரத்தைக் கூட்டினால் நிலா நகர்ந்து படம் இழுபடும். அந்த ஒரு விநாடிக்குள் ஒரு லொறி போனாலும் முக்காலி நடுங்கும். அறுபது படத்தில் தேறியது மூன்று. அதிலும் ஒன்றுக்குக் குறுக்கே மின்கம்பி.

சந்திர கிரகணம் கண்ணைக் கெடுக்காது. அது சூரிய கிரகணத்தின் வேலை. இங்கே நிலாவில் விழுவது நமது பூமியின் நிழல். நமது காற்றுமண்டலம் நீலத்தைச் சிதறடித்து, சிவப்பை மட்டும் வளைத்து உள்ளே அனுப்புகிறது, அவ்வளவுதான். அன்று எங்கள் அம்மாவும் சாப்பாட்டில் தர்ப்பை போட்டுத்தான் வைத்தார். அது அவர் விருப்பம். ஆனால் அவர் கதவைப் பூட்டவில்லை.

கொழும்பிலிருந்து முழு மறைவைக் காண அடுத்த வாய்ப்பு 2028 டிசெம்பர் 31, இரவு 9.46 முதல் 10.58 வரை. ஆமாம், புதுவருடம் பிறப்பதற்குச் சற்று முன். நிலா வடகிழக்கில் நன்றாக உயரத்தில் நிற்கும், ஆகவே பல்கனி அன்றைக்கும் உதவாது. பட்டாசுப் புகை வேறு. அதே ஆண்டு ஜூலை 6 இரவு பகுதிக் கிரகணம் ஒன்று உண்டு. விரும்பினால் அதில் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

டிசெம்பர் 31 அன்று இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து விடுங்கள். கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான் என்ற உங்கள் கவலை நியாயமானது. பிள்ளைகள் பெரியவர்களோடு வரட்டும், பெயரெழுதிக் கையொப்பம் வைத்துவிட்டு ஏறுகிறோம். அப்புறம், தண்ணீர்த் தாங்கியை எட்டு மணிக்கே நிரப்பி மோட்டரை நிறுத்தி வையுங்கள். அது ஓடும்போது உடுப்புக் காயப்போடப் போனால் உள்ளங்காலில் தெரிகிற அதிர்வு, முக்காலிக்குத் தெரியாமல் போகாது.

பதிலை லிஃப்டுக்குப் பக்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். காவலாளி ஐயாவையும் அரை மணி நேரம் மேலே விடுங்கள். கமெராவுக்குள்ளால் நிலாவைக் காட்டுவதாக அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக்காரன்