தடுப்பூசி ஒப்புதல் படிவமும் ஒரு குரல் பதிவும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருந்தோம். பெரும்பாலானவை கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. சிலவற்றில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு படிவத்தில் மட்டும் ‘சம்மதம்’ என்று பென்சிலில் எழுதி, அழித்து, ‘வேண்டாம்’ என்று எழுதி, அதையும் அழித்து, கடைசியில் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார் ஒருவர். அழித்து அழித்துத் தாள் தேய்ந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதம் முதலில் அவருக்குத்தான், மற்றவர்களும் படிக்கலாம்.

இரண்டு அழிப்புக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. போன வாரம் வகுப்பு வாட்ஸப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றியது. ‘பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற குழந்தைகள் டாக்டர் பேசுகிறேன்’ என்று ஆரம்பிக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, என்ன பெயர் என்பது கடைசிவரை வரவில்லை. ‘நேற்று’ ஒரு குழந்தைக்கு ஊசி போட்டதால் ஆட்டிசம் வந்துவிட்டது என்கிறார். இதே பதிவு மூன்று வருடங்களுக்கு முன்பும் என் போனுக்கு வந்தது. அப்போதும் அது ‘நேற்று’தான்.

அன்றைக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கேட்ட கையோடு ஆசிரியர் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு வரி வேறு. அரை மணி நேரம் கழித்து இளைய ஆசிரியை ஒருவர், ‘யார் சார் இந்த டாக்டர்?’ என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் நீக்குவதற்குள் அது இன்னும் பல குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. தலைமையாசிரியர் அனுப்பினார் என்பதாலேயே நம்பியவர்கள் இருந்திருப்பார்கள். எனவே பயந்து அனுப்பியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை விஷயத்தில் பயம் வருவது இயல்பு. அந்த ஆசிரியை கேட்ட கேள்வியைத்தான் நாம் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே பள்ளியின் விருப்பம், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் கணக்கு வாத்தியார், மருத்துவர் இல்லை. யார் சொல்வதை நம்பலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

குரல் பதிவில் வரும் ஆட்டிசம் பேச்சையே எடுத்துக்கொள்வோம். அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் 1998இல் வந்து நிற்கிறது. அந்த வருடம் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் மற்றவர்களும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. ஆராயப்பட்ட குழந்தைகள் மொத்தம் 12 பேர். ஊசித் தயாரிப்பாளர்கள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிடம் வேக்ஃபீல்ட் பணம் வாங்கியிருந்தது பிறகு தெரியவந்தது. உடன் எழுதியவர்களில் 10 பேர் 2004இல் அந்த முடிவைக் கைவிட்டார்கள். 2010இல் இதழே கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. இதற்கு எதிர்ப்பக்கம் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசம் வரும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு.

பிறகு ஏன் இந்தப் பேச்சு ஓயவில்லை? பல நாடுகளில் எம்.எம்.ஆர். முதல் தவணை குழந்தைக்கு ஒரு வயது ஆனதை ஒட்டிப் போடப்படுகிறது. பேச்சு வரத் தாமதமாவது, கூப்பிட்டால் திரும்பாதது போன்ற ஆட்டிசத்தின் அறிகுறிகள் வீட்டார் கண்ணில் படுவதும் பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் ஊசிக்குப் பிறகு பிள்ளையிடம் அறிகுறியைக் கண்ட ஒரு தாய் கண்ணால் பார்த்தது காக்கையையும் பழத்தையும் மட்டும்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு மரத்தடியில் நின்று பார்ப்பவருக்கு இது புரியாது. லட்சக்கணக்கான மரங்களைப் பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும். ஆய்வு என்று யாராவது சொன்னால் ‘எத்தனை பேரிடம்?’ என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

இன்னொரு செய்தி: ‘தட்டம்மை வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஊசி போட்டவர்களாம்!’ இது என் பாடம், விட மாட்டேன். 1,000 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 990 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். இரண்டு தவணை எம்.எம்.ஆர். தட்டம்மையை 97% தடுக்கிறது. அப்படியானால் 990 பேரில் சுமார் 30 பேருக்கு நோய் வரலாம். போடாத 10 பேருக்கும் வந்துவிட்டது என்றால் நோயாளிகள் 40 பேர். அதில் 30 பேர் ஊசி போட்டவர்கள். நான்கில் மூன்று சரிதான். ஆனால் போட்டவர்களில் 33 பேருக்கு ஒருவர், போடாதவர்களில் அத்தனை பேரும். தலைப்பில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, புரியவைத்தது முழுக்கத் தப்பு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டினேன். ‘இது ஏமாத்து சார்’ என்றான் ஒருவன். விழுக்காட்டைப் பார்த்தால் ‘எதில் விழுக்காடு?’ என்று கேளுங்கள்.

பக்கவிளைவே இல்லை என்று யாராவது சொன்னால் அவரையும் நம்பாதீர்கள். ஊசி போட்ட கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வரும். சிறு குழந்தைகளுக்கு எம்.எம்.ஆருக்குப் பின் காய்ச்சல் வலிப்பு வருவதும் உண்டு. சுமார் 3,000 முதல் 4,000 தவணைக்கு ஒன்று. கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது. போட்டதும் சிறிது நேரம் உட்கார வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். நல்ல தகவல் பக்கத்தை நான் அடையாளம் காண்பது இதை வைத்துத்தான்: கெடுதலையும் சொல்லும், எத்தனை பேரில் ஒருவருக்கு என்றும் சொல்லும். பயமுறுத்தும் பக்கம் எண்ணைச் சொல்லாது. விளம்பரப் பக்கம் கெடுதலைச் சொல்லாது.

அமெரிக்காவில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிராக ‘ரோட்டாஷீல்ட்’ என்ற தடுப்பு மருந்து 1998இல் வந்தது. ஒரு வருடத்துக்குள், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கோளாறு 15 குழந்தைகளுக்கு வந்ததாக அங்குள்ள பக்கவிளைவுப் பதிவேட்டில் ஏறியது. 1999 ஜூலையில் போடுவதை நிறுத்தி, அக்டோபரில் மருந்தையே திரும்பப் பெற்றார்கள். அடுத்து வந்த இரண்டு ரோட்டா மருந்துகளும் ஒவ்வொன்றும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதி பெற்றன. கண்காணிக்க ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதே பதிவேட்டை இன்று சிலர் தவறாகக் காட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். அதில் யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் பதியலாம். அது புகார்ப் பெட்டி, தீர்ப்பு இல்லை.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தடுப்பூசி ஆபத்து’ என்று தட்டினால் ஆபத்துதான் வரும், கேட்டதைத்தானே கொடுக்கும்? ‘தட்டம்மை தடுப்பூசி பக்கவிளைவு எத்தனை பேருக்கு’ என்று தட்டிப் பாருங்கள். அரசு சுகாதாரத் துறை, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் பக்கங்களில் தொடங்குவது நல்லது. தடுப்பூசித் தகவல் தளங்களை மதிப்பிட்டுச் சேர்க்கும் ‘வேக்சின் சேஃப்டி நெட்’ என்ற வலையமைப்பை உலக சுகாதார நிறுவனம் நடத்துகிறது. பக்கத்தின் அடியில் தேதியைப் பாருங்கள். எழுதியவரே அங்கே ஏதாவது சத்து மாத்திரை விற்கிறாரா என்றும் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சரளமாகப் பதில் சொல்லும். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டு, அந்த இடத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

இத்தனை தேடினாலும் உங்கள் பிள்ளையின் உடம்பைப் பற்றி எந்தப் பக்கமும் சொல்லாது. முன்பு ஊசி போட்டபோது கடுமையான ஒவ்வாமை வந்ததா, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறானா, இப்போது கடும் காய்ச்சல் இருக்கிறதா: இவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இது வலுக்குறைத்த உயிருள்ள கிருமியால் ஆன ஊசி என்பதால் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த பிள்ளைகளுக்குப் போட மாட்டார்கள். தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம்வரை அறைக் காற்றில் இருக்கும். போட முடியாத பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் போட்டுக்கொண்ட ஊசிதான் காவல். நூற்றுக்கு 95 பேராவது போட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது அதற்காக.

வரும் புதன்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளிக் கூடத்தில் குழந்தைகள் மருத்துவர் ஒருவரும் தடுப்பூசி போடும் செவிலியரும் உட்காருவார்கள். சபையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதி, பெயர் இல்லாமல், அலுவலக வாசல் பெட்டியில் போடுங்கள். அந்தக் குரல் பதிவையும் போட்டுக் காட்டி மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், தொலைந்திருந்தாலும் வாருங்கள்.

படிவங்களுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தேய்ந்துபோன படிவத்துக்குப் பதிலாக ஒரு புதிய தாளை என் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை கேட்டுவிட்டு நிரப்பினால் போதும். பேனாவால் எழுத வேண்டும், பென்சிலில் எழுதினால் வாங்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்