உன் மகளை அனுப்பு, முதல் வாரத்தில் மட்டும் வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசியே பழகிவிட்ட நீ நான்கு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய் என்றதுமே விஷயம் பெரியது என்று புரிந்துகொண்டேன். உன் மாமியார் எழுந்து நடமாடுகிறார் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்து மறுபடி நடப்பது சாதாரணமில்லை. கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்றா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மூடிவிட்டு முதலில் அதற்கு ஆள் பார். எனக்குக் குறை ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் வயதைச் சொல்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகள் கல்லூரியின் என்.எஸ்.எஸ். குழுவில் பேரிடர்ப் பணிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நாட்டில் எங்கே நிலநடுக்கம் வந்தாலும் கிளம்பிவிடுவேன் என்கிறாள். நீ தயங்கினால், "சித்தி போகவில்லையா?" என்று என்னைச் சாட்சிக்கு இழுக்கிறாள். 2001-இல் குஜராத் நிலநடுக்கத்துக்கு நம் வகுப்பிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது உன் அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றதை நீ இன்னும் மறக்கவில்லை; அதனால்தான் உன் மகளிடம் அதே வார்த்தையைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அனுப்பு என்பதுதான் என் பதில். ஆனால் முதல் வாரத்தில் அனுப்பாதே.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பதெல்லாம் அந்த முதல் வாரம்தான். இடிபாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வருவார்கள், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். உண்மையில் உயிரோடு மீட்கப்படுகிறவர்களில் பெரும்பாலோரை முதல் சில மணி நேரத்தில் வெளியே எடுப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் உறவினர்களும்தான். அதற்குப் பிறகு அது இராணுவமும் பயிற்சி பெற்ற மீட்புப் படையும் செய்ய வேண்டிய வேலை. பாளத்தின் அடியில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரை ஆர்வத்தில் சட்டென்று இழுத்து எடுத்தால், சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் பாய்ந்து இதயம் நின்றுபோகலாம். தப்பித்தாலும் சிறுநீரகம் கெடலாம். வெளியே எடுப்பதற்கு முன்பே உப்புநீர் ஏற்றத் தொடங்க வேண்டும். நல்ல மனதும் இரண்டு கைகளும் மட்டும் போதாத இடம் அது. அந்த நாட்களில் பயிற்சியில்லாத இருபது பேர் போய் இறங்கினால், அவர்களுக்கும் குடிநீரும் கூடாரமும் அந்த ஊர்தான் தேடித் தர வேண்டியிருக்கும்.

நாங்கள் குஜராத்தின் கட்ச் மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிப்ரவரி பாதி கடந்துவிட்டது. கல்லூரி அனுமதி தாமதமானதால் அப்படி ஆயிற்று. அப்போது எங்களுக்கு அதில் பெருங்கோபம். இப்போது யோசித்தால் அந்தத் தாமதம்தான் எங்களைப் பயனுள்ளவர்களாக்கியது. நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத், பிறகு பஸ், பிறகு ஒரு தண்ணீர் லாரி. பச்சாவ் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு 7.7 அளவில் நிலம் ஆடியதில் அங்கே கல்லும் மண்சாந்தும் கொண்டு கட்டிய வீடு ஒன்றுகூட நிற்கவில்லை. குஜராத் அரசின் கணக்கில் மட்டும் இறந்தவர்கள் 13,800-க்கும் மேல், காயமடைந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நாங்கள் தங்கிய ஊரின் பிள்ளைகள் குடியரசு தினக் கொடியேற்றத்துக்காகப் பள்ளித் திடலில் நின்றதால் பிழைத்தார்கள். அஞ்சார் நகரத்திலோ அதே கொண்டாட்டத்துக்காக ஊர்வலம் போன பிள்ளைகள் குறுகிய தெருவில் இருபக்கச் சுவரும் சரிந்து மாண்டார்கள். 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நிலநடுக்கம் விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்பு வந்ததால், உறங்கியவர்கள் மேல் கனத்த மண்கூரை விழுந்தது. 2015-இல் நேபாளத்தில் சனிக்கிழமை நண்பகலில் வந்ததால் பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்தன. நாளையும் நேரத்தையும் பார்த்தால் யார் இறந்தார்கள் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். எனக்கு இன்றும் ஜீரணமாகாத விஷயம் இது.

ஊருக்குள் நுழையும் பாதையில் முதலில் கண்ணில் பட்டது பழந்துணிக் குவியல். நாடெங்கிலுமிருந்து அன்போடு வந்ததுதான். கால்சட்டை, பனியன், சாயம் போன நைட்டி, ஒரு ஜரிகைப் பட்டுப்புடவை கூட. கட்ச் பெண்கள் தங்கள் பாவாடையையும் முக்காட்டையும் விட்டு அவற்றைத் தொடவே இல்லை. ஜனவரிக் குளிரில் போர்வைக்குத் தவித்தபோது வராதவை, வெயில் ஏறத் தொடங்கியபோது வந்து குவிந்திருந்தன. ஆடுகள்தான் அதன்மேல் படுத்திருந்தன. ஏறக்குறைய நான்காண்டு கழித்துச் சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் இதே காட்சியை மறுபடி பார்த்தேன். நாம் தானம் செய்வதில் தாராளம், கேட்பதில்தான் கஞ்சம்.

எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது. காயம் தைக்க வேண்டும், ஊசி போட வேண்டும் என்று கனவு கண்டு போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் பார்! டாக்டர்களுக்குக் கம்பெனிகள் தரும் மாதிரி மருந்துகள், காலாவதியானவை, நமக்கு எழுத்தே தெரியாத மொழியில் பெயர் அச்சிட்ட அட்டைகள், எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டு, காய்ச்சலுக்கு ஒரு கட்டில், கிருமிக்கு ஒரு கட்டில், இரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று பிரித்தோம். குழி வெட்டிப் புதைத்தது அதிகமா, பயன்பட்டது அதிகமா என்று கேட்காதே.

அதன் பிறகுதான் அசல் வேலை வந்தது. பூஜ் நகரின் பெரிய மருத்துவமனையே இடிந்துபோனதால், எலும்பு முறிந்தவர்களை அகமதாபாத், ராஜ்கோட், மும்பை, புனே என்று எங்கெங்கோ கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் போன நேரம் அவர்கள் கட்டோடும் கம்பியோடும் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். ஒரு பெரியவர் தகரத்தால் வேய்ந்த தன் குடிசைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். காலில் நான்கு இடத்தில் தோலைத் துளைத்துக்கொண்டு கம்பிகள் வெளியே நீட்டியிருந்தன, அவற்றை ஒரு சட்டம் இணைத்திருந்தது. கம்பி தோலில் நுழையும் இடத்தில் புழுதியும் சீழும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் எக்ஸ்ரே படமும், நன்றாக மடித்த ஒரு சீட்டும். "தினமும் கம்பியைச் சுற்றிச் சுத்தம் செய்யவும். ஆறு வாரம் கழித்து வரவும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஊரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் அதை ஏதோ நிவாரணத் தொகைக்கான ரசீது என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அன்று மாலையே ஒரு நீளமான நோட்டு வாங்கினோம். வீடு என்று சொல்ல ஒன்றுமில்லாததால் கூடாரம் கூடாரமாகப் போய் ஒவ்வொரு சீட்டையும் வாசித்துக் குறித்துக்கொண்டோம். யாருக்கு எப்போது கட்டுப் பிரிக்க வேண்டும், யாருக்குக் கம்பி எடுக்க வேண்டும், யார் கூட்டிப் போவது. போகப் போகப் பக்கங்கள் கூடின: எந்தப் பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடவில்லை, யாருடைய காசநோய் மாத்திரைகள் சுவரின் அடியில் போயின. காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நோட்டை எழுத மருத்துவர் தேவையில்லை. பொறுமையும் புரியும்படியான கையெழுத்தும் உள்ள மாணவர்கள் போதும். ஆனால் அதை எழுத மருத்துவர்களுக்கு நேரமே கிடைத்ததில்லை.

மொழிதான் பெரும்பாடு. ஹிந்தி பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா தேர்வு வரை தேறிய ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். கபீரின் ஈரடிப் பாடல்களை ஒப்பிப்பாள். பேதி எத்தனை முறை போனது என்று கேட்கத் தெரியாது. ஏழாம் வகுப்புப் படித்த ஓர் உள்ளூர்ச் சிறுமிதான் அந்த ஊர்க் கச்சி மொழியிலிருந்து ஹிந்திக்கு மாற்றிச் சொல்லி எங்களைக் காப்பாற்றினாள். அவளை நம்பித்தான் அத்தனை பேர் நடமாடினோம்.

பெண்கள் போனதால் மட்டுமே தெரியவந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரர் தயங்கினால் இதைப் படித்துக் காட்டு. சிறுநீர் எரிச்சல் என்று வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். முகாமில் இருந்த ஆண் மருத்துவரிடம் அவர்கள் சொன்னது தலைவலி, உடம்புவலி என்றுதான். எங்களிடம் உட்கார்ந்து பேசிய பிறகே காரணம் வெளிவந்தது: சுவர்கள் எல்லாம் விழுந்துவிட்டதால் மறைவு இல்லை. இருட்டும் முன் ஒதுங்க முடியாது என்பதால் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. தார்ப்பாயும் மூங்கிலும் வைத்து நாலு மறைப்புக் கட்டினோம். மாத்திரையை விட அது நன்றாக வேலை செய்தது.

தண்ணீரில் குளோரின் போட்டால் வாடை அடிக்கிறது என்று கொட்டிவிடுவார்கள். போட்டு அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பானையிலும் செய்து காட்டியதுதான் என் தொண்டைக்குக் கிடைத்த வேலை. பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் உயிரோடிருப்பவர்களின் மலம் கலந்த நீர்தான். இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. எங்களோடு வந்த ஆசிரியரே நம்பவில்லை.

உன் மகளிடம் இவற்றையெல்லாம் சொல். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளட்டும். தன் உணவு, தண்ணீர், படுக்கை, நாப்கின் எல்லாவற்றையும் தானே சுமந்து போகட்டும். அந்த ஊரின் நிவாரணத்திலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. அழுகிற குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம். அன்று என்ன நடந்தது என்று யாரையும் துருவிக் கேட்கவும் வேண்டாம். சொல்ல நினைப்பவர்கள் தாமாகச் சொல்வார்கள், அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பும் குழுவோடு போவதாக இருந்தால் உன் அப்பா சொன்னதையே நீயும் சொல்லிவிடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் குழு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வேலை செய்யும், கிளம்பும்போது நோட்டை யாரிடம் ஒப்படைக்கும் என்று பொறுப்பு ஆசிரியரைக் கேள். அவரிடம் பதில் இல்லையென்றால் டிக்கெட் எடுக்காதே. நாங்கள் எங்கள் நோட்டை அந்த ஊருக்கு வந்துபோன செவிலியரிடம் கொடுத்தோம். கம்பி எடுக்கும் நாள் நெருங்கியதும் அந்தப் பெரியவரை அவரே வண்டி பிடித்துக் கூட்டிப் போனதாகப் பிறகு எழுதினார்.

நீயும் ஒருமுறை கட்ச் போய்வர வேண்டும். வட்டமாகக் கட்டி, மேலே எடை குறைந்த புல்கூரை வேய்ந்த 'புங்கா' என்ற பழைய வீடுகள் அங்கே உண்டு. கல்வீடுகள் சரிந்த பகுதிகளிலும் அவற்றில் பல அசையாமல் நின்றன. டிசம்பரில் குளிர் இதமாக இருக்கும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள உன் நாத்தனார் வருவாரென்றால் சொல், டிக்கெட்டை நானே போடுகிறேன்.

ஞாயிறு மாலை உன் மகளை எனக்குப் போன் செய்யச் சொல். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று முதலில் கேட்பேன். இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி