காலியாகக் கிடக்கும் கோரில் ஒன்றைக் கொடுங்கள்

நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும், மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையோரம் ஃபைபர் பதித்திருக்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

நான் குன்னூரில் ஃபைபர் ஜாயிண்ட் போடும் வேலை செய்கிறேன். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் ஜேசிபிக்குப் பின்னாலேயே நாங்களும் போவோம். ஓ.டி.டி.ஆர். பெட்டியை மாட்டினால், உள்ளே போன வெளிச்சம் திரும்பி வருவதை வைத்து எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று திரையில் வந்துவிடும். அப்புறம் ஒருவர் குடை பிடிக்க, தலைமுடி போன்ற இழைகளை (கோர் என்போம்) ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும், விரல் விறைத்துப் போயிருக்கும்.

அறுந்த பிறகு இடத்தைச் சொல்கிற இழை, மண் நகரத் தொடங்கும்போதே சொல்லாதா?

கடலில் சொல்லியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிலி வரை 10,000 கி.மீ.க்கு மேல் போகும் கூகுளின் கியூரி கேபிளில், கடலுக்குள் புதிதாக ஒரு கருவிகூட இறக்காமல், தினமும் போய்வரும் ஒளி அதிரும் திசை எப்படி மாறுகிறது என்று பார்த்தே நிலநடுக்கங்களையும் கடல் அலைகளையும் கண்டுபிடித்தார்கள். 2021-ல் அந்த ஆய்வு வெளியானது. இன்னொரு முறையும் இருக்கிறது: கரையில் ஒரு லேசர் கருவியை வைத்துத் துடிப்புகளை அனுப்பினால், கண்ணாடிக்குள் சிதறித் திரும்பும் ஒளியிலிருந்து கேபிள் எங்கே துளி இழுபட்டது என்று சில மீட்டர் துல்லியத்தில் தெரியும். கலிஃபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில், பராமரிப்புக்காகக் கேபிளை நிறுத்தியிருந்த 4 நாளில், 20 கி.மீ. நீளத்துக்கு இப்படிக் கேட்டு, அதுவரை வரைபடத்தில் இல்லாத நிலப்பிளவுகளைப் பார்த்திருக்கிறார்கள். நாலே நாள்!

மலைச்சாலை கடல் இல்லை, தெரியும். இங்கே லாரி ஓடுகிறது, குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் கேபிள் மண்ணின் அசைவை முழுசாக வாங்காது, மெல்ல இறங்கும் சரிவு நிலநடுக்கம் மாதிரி அதிரவும் செய்யாது. அதனால்தான் திட்டம் கேட்கவில்லை, ஒரு சோதனை கேட்கிறேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டி, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்த மலை இது. மழையளவை வைத்து இந்தியப் புவியியல் ஆய்வு மையம் நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது, சரி. ஆனால் எந்த வளைவில் மண் நகர்கிறது என்று மழைமானி எப்படிச் சொல்லும்?

பர்லியாருக்கும் குன்னூருக்கும் நடுவே, ஒரே ஒரு ஸ்பேர் கோர், ஒரு வடகிழக்குப் பருவமழை. நிறுவனங்கள் கோரைக் கொடுக்கட்டும், நிர்வாகம் ஆய்வாளர்களைக் கூப்பிடட்டும். மரப்பாலம் பக்கம் எந்தச் சேம்பரில் (கேபிள் குழியில்) எந்த ஜாயிண்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூலி வேண்டாம், கொட்டுகிற மழையானாலும் வந்து போட்டுத் தருகிறேன்.