பைக்கும் 22/7க்கும் நடுவில் ஒரு சமன் குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் 22ஆம் திகதி, கணித மேதை இராமானுஜன் பிறந்தநாளுக்காக உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1729 என்ற டாக்சி இலக்கம் இருந்தது, அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் இருந்தார், 32 வயதில் வந்த மரணமும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இவைதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தின் மூலையில் ஒரு பெட்டி கட்டி, "பை = 22/7" என்று போட்டிருந்தீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். உங்கள் பெட்டியை வெட்டிக்கொண்டு வந்து காட்டியதே ஒரு பிள்ளைதான். "பேப்பரில போட்டிருக்கு சேர், நீங்க அண்ணளவு எண்டீங்க." பேப்பரோடு வாதாட முடியுமா?

22/7 கெட்ட எண் என்று சொல்லவரவில்லை. எங்கள் ஊரில் கிணற்றுக்கு வளையம் வார்ப்பவர் மூன்றரை அடி விட்டத்துக்குப் பதினொரு அடிச் சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் பிழை ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. அவருக்கு அது தாராளம். சமன் குறி போட்டால்தான் கதை வேறு.

நடந்ததைச் சொல்கிறேன். போன கிழமை மழையில் கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் போன் வெளிச்சத்தில் இருந்தார்கள். போனைச் சரித்துப் பிடித்தால் கால்குலேட்டரில் பெரிய விசைகளெல்லாம் வரும் அல்லவா, ஒரு பிள்ளை அதில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஈ என்று எழுதும் 2.71828... என்ற எண்ணை எடுத்து (பறக்கிற ஈயா சேர் என்று கேட்க ஒருவன் எப்போதும் இருப்பான்), அதன் பையாம் வலுவைக் கண்டாள்: 23.1407. அதிலிருந்து பையைக் கழித்தாள். 19.9991.

"இருவது வரவேணும் சேர். போன் மட்டந்தட்டிப் போட்டுது."

போனில் பிழை இல்லை. விடை 19.99909997... என்று போகும். இருபது வராது, வரவும் மாட்டாது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று அவள் கேட்டாள். உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய இராமானுஜன் அங்கேதான் வருகிறார்.

2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண்தான், ஆனாலும் "வர்க்கித்தால் 2" என்ற சமன்பாட்டுக்குள் அதைப் பிடித்துவிடலாம். பையை அப்படியும் பிடிக்க முடியாது. நிறைவெண் குணகங்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்பிச் சமன்பாட்டுக்கும் பை மூலமாகாது என்று 1882இல் லிண்டெமான் நிறுவினார். இப்படிப்பட்டவற்றை விஞ்சிய எண்கள் என்கிறோம். ஈயின் பையாம் வலுவும் விஞ்சிய எண் என்று 1929இல் கெல்ஃபொண்ட் காட்டினார். சரி, இரண்டும் விஞ்சியவை. அது போதுமா? போதாது. பையும் பையின் வர்க்கமும்கூட இரண்டுமே விஞ்சியவை, ஆனால் ஒன்று மற்றதன் வர்க்கம் என்ற கயிறு நடுவில் கட்டியிருக்கிறது. பைக்கும் ஈயின் பையாம் வலுவுக்கும் இடையில் அப்படி ஒரு கயிறும் இல்லை என்று காட்டினால்தான் இருபது என்ற பேச்சு முடியும்.

அதை 1996இல் காட்டியவர் மொஸ்கோவின் யூரி நெஸ்டெரென்கோ. அவர் கையில் எடுத்த கருவி இராமானுஜன் 1916இல் எழுதிய மூன்று தொடர்கள். பீ, கியூ, ஆர் என்று அவரே பெயர் வைத்தவை. மொடியுலர் வடிவங்கள், அதாவது மாறியைச் சில விதங்களில் மாற்றினால் ஓர் எளிய விதிப்படி மட்டும் மாறுகிற சார்புகள், என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை (பீ கொஞ்சம் ஒட்டாத உறவு). பீயை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கும் சொல்லலாம்: ஒவ்வோர் எண்ணினதும் காரணிகளைக் கூட்டுங்கள். 1, 3, 4, 7, 6, 12 என்று வரும். இவற்றை ஒரு சிறிய எண்ணின் முதலாம், இரண்டாம், மூன்றாம் வலுக்களால் முறையே பெருக்கிக் கூட்டி, 24ஆல் பெருக்கி, 1இலிருந்து கழியுங்கள். அவ்வளவுதான். இந்த மூன்று தொடர்களையும் வகையிட்டால் வருவதை அதே மூன்றாலும் எழுதிவிடலாம் என்று இராமானுஜன் கண்டார். குடும்பத்துக்கு வெளியே போகவே தேவையில்லை. நெஸ்டெரென்கோவின் நிறுவல் அந்தச் சமன்பாடுகளின் மேல்தான் நிற்கிறது.

அந்தச் சிறிய எண்ணாக ஈயின் மறை இரண்டு பையாம் வலுவைப் போட்டுப் பார்த்தோம். அது 0.0018674. முதல் இரண்டு உறுப்புகளிலேயே பீ 0.9549 என்று வந்துவிட்டது. 3ஐப் பையால் வகுத்தாலும் 0.9549. இங்கே சமன் குறி போடலாம், இது உண்மையான சமன். ஆர் அந்த இடத்தில் பூச்சியம். போட்ட எண், பீ, கியூ, ஆர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒன்றோடொன்று எந்தப் பல்லுறுப்பியாலும் கட்டுப்படாதவை என்பதுதான் நெஸ்டெரென்கோவின் தேற்றம். பூச்சியம் அந்த மூன்றில் ஒன்றாக முடியாது, ஆகவே மிச்ச மூன்றும் அப்படியே. பீயிலிருந்து பையும், போட்ட எண்ணிலிருந்து ஈயின் பையாம் வலுவும் அதற்குள் வந்துவிடுகின்றன; ஆகவே இரண்டின் வித்தியாசம் இருபதாக முடியாது.

அப்படியானால் 19.9991 ஏன் இருபதுக்கு இவ்வளவு கிட்ட வந்தது? இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. தீற்றாச் சார்பு என்று அதே மொடியுலர் குடும்பத்தில் ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணை அதிலே போட்டால் வரும் விடையையும் அதன் நிகர்மாற்றைப் போட்டால் வரும் விடையையும் ஒரு எளிய விதி இணைக்கும். அந்த விதியை 1இல் வகையிட்டால், ஈயின் பையாம் வலு கிட்டத்தட்டப் பையின் எட்டு மடங்கில் இரண்டு குறைவு என்று வரும். 23.1327, பரவாயில்லை. அதிலிருந்து ஒரு பையைக் கழித்தால் பையின் ஏழு மடங்கில் இரண்டு குறைவு. பையின் ஏழு மடங்கு ஏறக்குறைய 22. இரண்டு போனால் இருபது! கிணற்று வளையக்காரரின் 22/7தான் அங்கேயும் ஒளிந்திருந்தது. அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

ஆகவே அடுத்த பதிப்பில் "அண்ணளவாக" என்ற ஒரு சொல்லைப் போடுங்கள், அல்லது சமன் குறியை நெளிகோடாக மாற்றுங்கள். அடுத்த டிசம்பரில் டாக்சியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு அந்த 1, 3, 4, 7, 6, 12 வரிசையை அச்சடியுங்கள். இடம் மிஞ்சினால் அந்தப் பிள்ளை நேற்றுக் கேட்ட கேள்வியையும் போடுங்கள்: ஈயையும் பையையும் சும்மா கூட்டினால் வருவது விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா? இன்றுவரை ஒருவரும் நிறுவவில்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பெரியகல்லாறு, மட்டக்களப்பு.