பூட்டிக் கிடக்கும் எங்கள் கிளை நூலகத்தைத் திறந்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கிளை நூலக வாசகர் வட்டத்தினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: பூட்டப்பட்டுள்ள கிளை நூலகத்தை மீண்டும் திறந்து, நூலகர் நியமிக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அளித்த மனுக்கள், அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் நூலகம் தாங்கள் அறியாத இடமல்ல. சென்ற மழையில் வாய்க்கால் உடைப்பைப் பார்வையிட வந்தபோது தங்கள் வாகனம் நின்ற அரசமரத்துக்கு நேர் எதிரே, ரேஷன் கடையை ஒட்டியுள்ள பச்சைக் கதவுக் கட்டடம்தான். அன்றும் அது பூட்டித்தான் கிடந்தது.

1. நூலகர் பணி ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. பக்கத்து ஊர் நூலகருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். வாரத்தில் சில நாள் திறந்தது. பிறகு சில மணி நேரம். பிறகு அதுவும் இல்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

2. மேற்கூரைப் பூச்சு பெயர்ந்ததால் கட்டடம் பாதுகாப்பானதல்ல என்கிறார்கள். முன்னறையில் பெயர்ந்தது உண்மை. ஊர்க் கொத்தனார்கள் கூலி வாங்காமல் பூசித் தர ஒப்புக்கொண்டுள்ளனர். சிமெண்டும் மணலும் ஊர்ப் பொதுவில் தருகிறோம். அனுமதிக் கடிதம் மட்டும் போதும்.

3. ஐயா, பத்திரிகை படிக்க வந்த பெரியவர்கள் டீக்கடைக்கு மாறிவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குத்தான் போக்கிடம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் வாசல்படி இறங்கினால் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று ஆயிரம் கேள்வி. நூலகத்துக்கு என்றால் மட்டும் கேள்வி கிடையாது. அந்த ஒரு பதிலை நம்பித்தான் படிப்பு முடித்த பிள்ளைகள் மாலை நேரத்தில் பின்னறை நீள மேசையில் அமர்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்தார்கள். அந்தத் தேர்வில் முதல் 100 கேள்விகள் தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். படிக்க வேண்டிய பள்ளிப் பாடநூல்கள் அலமாரிக்குள் இருக்கின்றன, பூட்டுக்கு அந்தப் பக்கம். ஆகவே வெளித் திண்ணையில் அமர்ந்து, இருக்கிற ஒரு புத்தகத்தை ஒருத்தி வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். தெருவிளக்கு வெளிச்சம் பாதித் திண்ணைக்குத்தான் எட்டும். இருட்டுப் பக்கம் உட்கார்ந்தவள் நோட்டைச் சாய்த்துச் சாய்த்து எழுதினாள். எதிரே டீக்கடை. அங்கிருந்து வந்த பேச்சை மனுவில் எழுத முடியாது. கழிப்பறையும் உள்ளேயே பூட்டிக் கிடப்பதால் தண்ணீர் குடிக்காமல் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். நின்ற பிள்ளைகளின் வீடுகளில் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள்.

டவுன் நூலகத்துக்குப் போகலாமே என்றார் ஓர் அலுவலர். போகலாம். திரும்பும் பஸ் பிரிவு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கருவேலங்காட்டு வழியே இருட்டில் நடக்க வேண்டும். அவர் தம் மகளை அப்படி அனுப்புவாரா? (இந்த வரியை அடித்துவிடலாம் என்றார் மனு எழுத உதவிய தலைமையாசிரியர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.)

4. பொது நூலகச் சட்டம் 1948-இலேயே நம் மாகாணத்தில் வந்தது. அதற்கு வித்திட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர் என்று பெருமை பேசுகிறோம். ஆகஸ்ட் 12-இல் நூலகர் தினம் கொண்டாடுகிறோம். எங்களுக்கு நூலகரே இல்லை. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். நூலகத்தைப் பூட்டியவர்கள் வரியைப் பூட்டவில்லை. இது போக, 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்களும் ஊரில் உண்டு. நூறு நாள் வேலைக் கூலியைச் சேர்த்துக் கட்டிய ஒரு தாயின் பெயர் உள்ளே பலகையில் இருக்கிறது. அதைப் பார்க்க அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்ட வேண்டியிருக்கிறது.

5. முந்தைய மனுக்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது. மனு ஏற்கப்பட்டது. துறைக்கு அனுப்பப்பட்டது. தீர்வு காணப்பட்டது. என்ன தீர்வு ஐயா? யார் வந்து பார்த்தார்கள்? பூட்டில் துரு ஏறியதுதான் நடந்தது.

6. திறந்து தாருங்கள்.

7. கட்டடம் சரியாகும் வரை மேசைகளையும் நூல்களையும் சமுதாயக் கூடத்துக்கு மாற்ற கிராம சபை இசைந்துள்ளது. முகூர்த்த நாள் தவிர அது சும்மாதான் இருக்கிறது. மாலையில் பொறுப்பாக இருக்க ஓய்வுபெற்ற அந்தத் தலைமையாசிரியர் ஊதியம் கேட்காமல் சம்மதித்துள்ளார். ஆனால் இது இடைக்கால ஏற்பாடுதான். எங்களுக்கு முறையான நூலகர் வேண்டும்.

அடுத்த குரூப் 4 அறிவிப்பு வருமுன் சாவியை ஒப்படைக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். இம்முறை குறுஞ்செய்தி வேண்டாம் ஐயா, ஒரு அலுவலரை நேரில் அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசகர் வட்டத்தினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)